பதினாறும் பெற்ற கோப்பு

விழாவுக்குத் தலைமை தாங்க வந்திருக்கும் அமைச்சக மேலிடமே, முன்னிலை வகிக்கும் குழுக்களே, குழுக்கள் பெற்றெடுத்த உட்குழுக்களே, வழக்கம்போல அழைப்பிதழில் பெயர் விடுபட்டுப்போன பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய விழா நாயகர் ஒரு கோப்பு. பிறந்த ஊர் புதுடெல்லி. தாயோ தகப்பனோ தன் பிள்ளையை நாடு விட்டு நாடு தூக்கிக்கொண்டு போய்விடும் வழக்குகளுக்காக 1980-இல் ஹேக் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் உருவானது. அதில் இந்தியாவும் சேர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009 மார்ச்சில் தன் 218-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2025 மார்ச்சில் அந்த அறிக்கைக்குப் பதினாறு வயது நிறைந்தது. ஒப்பந்தமோ பதினாறு நிறையாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் செல்லும். ஆக, பிள்ளைகளை மீட்பதற்காகப் போட்ட கோப்பே இன்று மீட்கப்படும் வயதைத் தாண்டிவிட்டது. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று பெரியவர்கள் வாழ்த்தியது பலித்த ஒரே இடம் டெல்லி அலமாரிதான்.

பொன்னாடை போர்த்துமுன் நாயகரின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்துவிடுகிறேன். பிறந்து ஏழாண்டு பேச்சு மூச்சில்லை. 2016-இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தட்டி எழுப்பியது. அந்த ஜூனில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை மக்கள் பார்வைக்கு வைத்தது. அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 263-ஆவது அறிக்கையில் அந்த வரைவைத் திருத்தி இன்னொரு வரைவு கொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் அமைச்சகத்துக்கு ஒப்பந்தமே கசந்துவிட்டது. 2017-இல் நீதிபதி ராஜேஷ் பிண்டல் தலைமையில் குழு. 2018 ஏப்ரலில் குழுவின் அறிக்கை, கூடவே மூன்றாவதாக ஒரு வரைவு. 2023-இல் ராஜேஷ் பிண்டல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை மட்டும் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. பதவி உயர்வெல்லாம் மனிதர்களுக்குத்தான் போலிருக்கிறது.

அப்படி என்னதான் கேட்கிறது அந்த ஒப்பந்தம்? குழந்தை அம்மாவுக்கா, அப்பாவுக்கா என்று தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லை. எந்த ஊரில் வளர்ந்துகொண்டிருந்ததோ அந்த ஊருக்குத் திருப்பி அனுப்பு, உங்கள் சண்டையை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், இதை ஆறு வாரத்துக்குள் முடிக்கப் பார் என்கிறது. திருப்பி அனுப்பினால் குழந்தைக்குப் பெரும் ஆபத்து என்று காட்டினால் அனுப்ப வேண்டாம் என்ற விதிவிலக்கும் அதிலேயே உண்டு. நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. சிங்கப்பூர் 2010-இல் சேர்ந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் கல்நெஞ்சு என்று பெயரெடுத்த ஜப்பானே 2014-இல் வந்துவிட்டது. இலங்கை 2001-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டு விமானங்கள் எரிந்த ஆண்டு அது. போருக்கு நடுவே கொழும்புக்குக் கிடைத்த நேரம் அமைதிப் பூங்காவான நமக்குக் கிடைக்கவில்லை. தேசபக்தி மிகுந்தவர்கள் ஒரு நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளவும்: பாகிஸ்தான் 2016-இல் சேர்ந்துவிட்டது.

கோப்பு உறங்கும் நாட்டில் ஒரு குழந்தையைத் தூக்கிவருவது எவ்வளவு சுலபம் என்று தெரியுமா? தங்கைக்குக் கல்யாணம் என்று ரிட்டர்ன் டிக்கெட் போட வேண்டும். விமான நிலையத்தில் அப்பாவே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். கூடுதல் எடைக்கு அவரே கார்டைத் தேய்ப்பார். பாதுகாப்புச் சோதனைக்குள் குழந்தை மறையும்வரை கையாட்டுவார். பறிகொடுக்கப் போகிறவரே பெட்டி தூக்கி வழியனுப்பிவைக்கும் கடத்தல் உலகத்தில் இது ஒன்றுதான். கல்யாணம் முடியும், மறுவீடு முடியும், திரும்பும் தேதியும் முடியும். அதன் பிறகு போனை எடுப்பவர் மாமனார். “கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும் மாப்பிள்ளை, இப்ப என்ன அவசரம்?” அந்தக் கொஞ்ச நாளுக்குள் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. அட்மிஷன், குடும்பநல நீதிமன்றத்தில் மனு, மகளிர் காவல் நிலையத்தில் புகார் எல்லாம் ஆகியிருக்கும். புகார் உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம். உண்மையாக இருந்தாலும் அதை விசாரித்து முடிப்பதற்குள் குழந்தைக்கு மீசை முளைத்துவிடும்.

பெண்களைத்தான் திட்டுகிறேன் என்று கைதட்ட எழுந்த மாப்பிள்ளைமார் தயவுசெய்து உட்காரவும். உங்கள் கைவரிசை இதைவிட நேர்த்தி. “அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, பேரனை ஒருதரம் காட்டிட்டு வந்துடலாம்” என்று மனைவியையும் பிள்ளையையும் ஊருக்கு அழைத்துவருகிறார். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் பீரோவில் அவளுடைய பாஸ்போர்ட் இல்லை, பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையும் இல்லை. அவள் விசா கணவனின் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவன் கையை உதறினால் அதுவும் போயிற்று. பிள்ளை அமெரிக்கக் குடிமகன். பெற்றவள் தூதரக வாசலில் ஒரு டோக்கன் எண். அந்த ஊர் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டுமென்றால் வக்கீலுக்கு டாலரில் கொடுக்க வேண்டும். அவளிடம் இருந்த நகை அவன் லாக்கரில் இருக்கிறது.

அமெரிக்காவில் பிள்ளையை இப்படி நாடு விட்டுத் தூக்கிப்போவதற்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழாண்டு வரை. இங்கே பெற்றவர் தன் பிள்ளையைத் தூக்கிவந்தால் பொதுவாகக் கடத்தல் ஆகாது, ஏனென்றால் அவரும் சட்டப்படி காப்பாளர். அந்தக் கரையில் குற்றப்பத்திரிகை, இந்தக் கரையில் பேரன் வந்த விசேஷத்துக்குக் கிடா வெட்டு.

சரி, குழந்தையை இழந்தவர் நம் நீதிமன்றத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் அந்நிய நாட்டுக் கோர்ட் உத்தரவு, முத்திரை எல்லாம் பளபளக்கிறது. இங்கே குடும்பநல நீதிமன்றம் எடுத்து விரிக்கும் சட்டம் 1890-ஆம் ஆண்டினுடையது. மனிதன் விமானத்தில் பறப்பதற்கு முன்பே எழுதிய சட்டத்தை வைத்துக்கொண்டு, நேற்று விமானத்தில் வந்த குழந்தை ‘சாதாரணமாக வசிக்கும்’ இடம் எது என்று வாதாட வேண்டும். அதற்குப் பயந்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவார்கள். முதல் வாய்தாவில் எதிர்த்தரப்பு கவுன்டர் போட அவகாசம் கேட்கும். அடுத்ததில் சீனியர் வேறு கோர்ட்டில் இருப்பார். அதற்கடுத்ததில் பெஞ்ச் மாறியிருக்கும். பிறகு மே மாத விடுமுறை. லீவு போட்டு, கடன் வாங்கி டிக்கெட் போட்டு, பத்தாயிரம் மைல் தாண்டி வந்த மனிதர் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருக்க, உள்ளேயிருந்து ஜூனியர் ஓடிவந்து சொல்வார்: “சார், பாஸ் ஓவர் ஆயிடுச்சு.”

இந்த வழக்குகளில் எதிர்த்தரப்பு ஜெயிக்க வேண்டியதே இல்லை. முடியாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று வருடம் கழித்து நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மிட்டாய் கொடுத்து, யாரிடம் இருக்க ஆசை என்று கேட்பார். அந்தப் பிள்ளைக்கு இப்போது தாத்தா வீட்டு மாடிதான் உலகம். அப்பா என்பவர் வாரம் ஒருமுறை வீடியோ காலில் வந்து, புரியாத உச்சரிப்பில் ஏதோ கேட்டு, நடுநடுவே அழும் ஒரு ஆள். பிள்ளை தாத்தா வீட்டைச் சொல்லும். உடனே பதிவாகும்: குழந்தை இங்கே வேரூன்றிவிட்டது, பிடுங்குவது நலனுக்கு உகந்ததல்ல. ஐயா, அந்த வேரை ஊன்றியது யார்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது யார்? திருட்டுப் பொருளைத் திருப்பித் தராமல் போதிய காலம் வைத்திருந்தால் அது சொந்தமாகிவிடும் என்று நகைக்கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், செருப்பால் அடிப்பார்.

1984-இல் ஒரு அமெரிக்கப் பிள்ளையைத் தாய் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 1997 நவம்பரில் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் இங்கேயே வளர்ந்துவிட்ட பிள்ளையை இனி எப்படி அனுப்புவது என்று கேட்டு, அனுப்ப மறுத்தது நீதிமன்றம். அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை தீர்ப்பு சரியாகவே இருக்கலாம், நான் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முந்தைய ஒரு வழக்கு, இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஒருவர் தன் மனைவியைக் கார் ஏற்றிக் கொல்ல ஆள் பிடித்தார். மாட்டிக்கொண்டார், தண்டனையும் கிடைத்தது. கொல்லப்பட இருந்த மனைவியே பெருந்தன்மையாகப் பரிந்து பேசியதால் நன்னடத்தைப் பிணையில் வெளியே வந்தார். வந்தவர் நன்றிக்கடனாக மகனைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்துவிட்டார். பின்னாலேயே ஓடிவந்த தாய் உயர் நீதிமன்றத்தில் நின்றபோது அவருக்குக் கிடைத்த பதில்: நீ சீமையில் தனியாக, சோர்ந்த சூழலில் இருக்கிறாய், பிள்ளை வசதியான தாத்தா பாட்டி வீட்டில் தன்னம்பிக்கையோடு வளரட்டும். 1984-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்து மகனைத் தாயிடம் ஒப்படைத்தது. ஆனால் அந்த வசதியான தாத்தாவை எந்த நீதிமன்றத்தாலும் இன்றுவரை தூக்கியெறிய முடியவில்லை. ஒவ்வொரு வழக்கிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். பிள்ளையின் நலன் என்று வக்கீல் சொல்லும்போதெல்லாம் அவருடைய இரண்டு மாடி வீடும் மாட்டிவைத்த ஏசியும்தான் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றன.

நம் சென்னைக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து தாய் கொண்டுவந்த ஒரு சிறுவனுக்காகத் தகப்பன் 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். போலீசால் கண்டுபிடிக்க முடியவில்லை. சிபிஐ இறங்கியது. 2009 அக்டோபரில் பையன் சென்னையில் அகப்பட்டான். இரண்டாண்டுக்கு மேல் ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக அவன் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஊழல்வாதிகளைத் தேட வைத்திருக்கும் படையை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத் தேட அனுப்பும் அளவுக்கு இந்த நாட்டில் வழிமுறைப் பஞ்சம். அடுத்த மாதமே அவனைத் திருப்பி அனுப்பச் சொன்னது நீதிமன்றம். கோப்பு பிறந்த அதே ஆண்டு அது. இதை ஒரு சின்ன எச்சரிக்கை என்றுகூடக் கோப்பு எடுத்துக்கொள்ளவில்லை.

2012-இல் இங்கிலாந்திலிருந்து கோவைக்கு வந்த இரண்டு பெண் குழந்தைகளைத் திரும்ப அனுப்பச் சொல்லி 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கத்திய கோர்ட் முதலில் உத்தரவு போட்டுவிட்டது, அதை மதிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். 2017-இல் வேறொரு குழந்தையின் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, யார் முந்தினார் என்பதெல்லாம் கணக்கல்ல, நலன்தான் கணக்கு என்றார்கள்; அந்தக் குழந்தை இங்கேயே இருந்தது. 2022-இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் அமெரிக்காவிலிருந்த தாயின் மனுவை ஏற்று, தகப்பன் கொண்டுவந்த பிள்ளைகளை அங்கே அனுப்பச் சொன்னது அதே நீதிமன்றம். நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாடாளுமன்றம் ஒரு வரி சட்டம் எழுதிக் கொடுக்காதபோது ஒவ்வொரு அமர்வும் தன் மனசாட்சியை எடுத்து அளக்கிறது. உங்கள் பிள்ளை எந்தக் கண்டத்தில் வளரும் என்பது செவ்வாய்க்கிழமை எந்த பெஞ்சில் வழக்கு விழுகிறது என்பதில் இருக்கிறது. ஜாதகம் பார்த்துக்கொண்டு மனுத் தாக்கல் செய்வது உத்தமம்.

இனி அரசின் காரணத்துக்கு வருவோம். காரணம் உயர்ந்த காரணம்: நம் பெண்கள். வெளிநாட்டில் அடியும் உதையும் பட்ட பெண் குழந்தையோடு உயிர் தப்பி வருகிறாள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அவளை அந்த ராட்சசனிடமே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இதில் உண்மை இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தகப்பன்களை மனத்தில் வைத்து எழுதினார்கள். 2021-ஆம் ஆண்டு வழக்குகளை ஹேக் அமைப்பே ஆராய்ந்தபோது, பிள்ளையைக் கொண்டுபோனவர்களில் முக்கால்வாசிப் பேர் தாய்மார்கள். கையெழுத்துப் போட்ட நாடுகளில் பாலும் தேனும் ஓடுவதாகவும் யாரும் நினைக்க வேண்டாம். ஆறு வாரம் என்று எழுதிவிட்டு, அந்த ஆய்வில் சராசரியாக 207 நாள் எடுத்திருக்கிறார்கள். பெரும் ஆபத்து என்று ஒரு தாய் நிரூபிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போகிறது. இதையெல்லாம் பார்த்த ஆஸ்திரேலியா என்ன செய்தது? ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே, வீட்டு வன்முறையையும் கோர்ட் கணக்கில் எடுக்கும்படி 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது.

நாம் என்ன செய்தோம்? அடிபட்டு வந்த பெண்ணைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தோம். அதற்குப் பின்னால் படுத்துத் தூங்கினோம். தப்பி வந்தவளுக்கு, நீயும் உன் பிள்ளையும் இங்கே இருக்கலாம் என்று உறுதி தரும் சட்டம் உண்டா? இல்லை. அவளும் அதே வராந்தாவில், அதே வாய்தாவில், எந்த நாள் எந்த பெஞ்ச் பிள்ளையைப் பிடுங்கி அனுப்புமோ என்று வயிற்றில் நெருப்போடு நிற்கிறாள். ஊரில் விட்டுவிட்டுப் போன கணவனிடமிருந்து பிள்ளையைக் கேட்கும் பெண்ணுக்கு வழி உண்டா? ஒப்பந்தத்தில் நாம் இல்லாததால் அந்தக் கதவும் அவளுக்கு அடைப்பு. வெளிநாட்டு மாப்பிள்ளைகளின் திருமணத்தைப் பதிவு செய்ய வைக்கும் மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது, இன்னும் சட்டமாகவில்லை. 2024-இல் சட்ட ஆணையம் இதே விவகாரத்துக்கு 287-ஆவது அறிக்கையும் கொடுத்தாயிற்று. நம் நாயகருக்கு அலமாரியில் துணைக்கு ஆள் வந்தாயிற்று, அவ்வளவுதான். பெண்களுக்காக என்று சொல்லி, பெண்ணையும் கைவிட்டு, ஆணையும் கைவிட்டு, நடுவில் பிள்ளையையும் கைவிட்ட பெருமை உலக அரங்கில் நமக்கே உரியது.

ஆனால் நமக்குக் குழந்தைப் பாசம் இல்லை என்று எவனாவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். நார்வே அரசு இந்தியப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டபோது 2012-இல் டெல்லி தனித் தூதரையே ஓஸ்லோவுக்கு அனுப்பியது. ஜெர்மன் அரசு ஒரு குழந்தையை வைத்துக்கொண்டதற்காக 2023-இல் 19 கட்சிகளின் 59 எம்.பி.க்கள் அந்நாட்டுத் தூதருக்குக் கடிதம் எழுதினார்கள். எழுதியது சரிதான். சேர்ந்து சாப்பிடக்கூட உட்காராத கட்சிகள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. வெள்ளைக்காரன் பிடித்துவைத்தால் தேசத்தின் மானம். நம்மவரே பிடித்துவைத்தால் அது குடும்ப விவகாரம், பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. அந்த 59 கையெழுத்துகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, சொந்த நாட்டு மசோதா மீது யாரும் போடவில்லை.

மேலிடத்திடம் இந்தப் பொன்னாடையைக் கொடுக்குமுன் ஒரு விண்ணப்பம். ஒப்பந்தத்தில் சேரச் சொல்லிக் கெஞ்சவில்லை. சேர மாட்டோம் என்பதும் ஒரு கொள்கைதான். அப்படியென்றால் அதைக் காகிதத்தில் எழுதி, காரணத்தைச் சொல்லி, அமைச்சர் கையெழுத்தோடு வெளியிடுங்கள். கூடவே, பிண்டல் குழு தட்டில் வைத்துக் கொடுத்த வரைவு தயாராக இருக்கிறதே, அதில் அடிபட்ட பெண்ணுக்கு வேண்டிய பாதுகாப்பை எழுதிச் சேர்த்து நம் சட்டமாகவே கொண்டுவாருங்கள். ஹேக்குக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். வராந்தாவில் நிற்கும் அந்தத் தகப்பனும், தூதரக வாசலில் நிற்கும் அந்தத் தாயும், வழி இருக்கிறது அல்லது இல்லை என்று தெரிந்துகொண்டாவது போவார்கள். வேண்டாம் என்று எழுதவும் தைரியமில்லை, வேண்டும் என்று எழுதவும் மனமில்லை என்றால், அதைப் பரிசீலிக்க இன்னொரு குழு போடுங்கள். இந்தமுறை குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: அறிக்கை வரும்வரை உறுப்பினர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளை வீடியோ காலில் மட்டும் பார்க்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் எதிர்த்தரப்பு போனை எடுத்தால்.